பனிவழியும் ஆயிரம் இதழும்

மாண்ட்ரியலுக்கு வடக்கே லாரன்ஷியன் மலைக்காடு. ஜனவரி மாதம், குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 15 டிகிரி. நண்பர் மூவருடன் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிப் புறப்பட்டோம். மலைச்சரிவிற் பாய்ந்திறங்கும் சறுக்கன்று இது. பாதணியின் முனை மட்டுமே கட்டையிற் பொருந்தியிருக்கும்; குதிகால் தடையின்றி எழும். மேட்டையும் பள்ளத்தையும் சொந்தக் கால்வலுவாலேயே கடக்க வேண்டும்.

1930களில் இக்காடுகளிற் பல வழிகளை வகுத்தவர், நார்வேயில் 1875இல் பிறந்த ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன். நூறு வயதைக் கடந்தும் சறுக்கியவர். 1987இல் 111ஆம் வயதில் மறைந்தார். அவர் கதையைச் சொல்லிச் சொல்லியே, எழுபதை நெருங்கும் கியூபெக் நண்பரை நெடுந்தொலைவு அழைத்துச் சென்றோம். தவறு நம்முடையதே. திரும்பும் வழியில் அவர் விழுந்தார். நாலரை மணிக்கே கதிரவன் மறையும் பருவம். மர நிழல்கள் நீண்டுகொண்டிருந்தன. எவரும் பேசவில்லை. கோலை ஊன்றி அவரே எழுந்து நின்று சிரித்த பின்னரே நமக்கு மூச்சு வந்தது.

ஊர் திரும்பிப் பிரெஞ்சுப் பலகாரக் கடையில் அமர்ந்தோம். 'மில்ஃபோய்' என்றால் ஆயிரம் இதழ் என்று பொருள். மாவையும் வெண்ணெயையும் மடித்து மடித்துத் தேய்த்த மெல்லிய அடுக்குகள். இடையிலிடும் கஸ்டர்டில் ரம் கலப்போரும் உண்டு. நாம் தயங்குமுன்னரே அந்த நண்பர் கடைக்காரம்மையாரிடம் பிரெஞ்சில் விசாரித்துவிட்டார்.

"கலக்கவில்லையாம், சாப்பிடுங்கள்" என்று தம் தட்டையும் நம் பக்கம் நகர்த்தினார்.