கஜூர் ரோடு வீடு

கரோல்பாக்கில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. தில்லியில் அதை ‘பர்சாத்தி’ என்பார்கள். சித்தப்பா அங்கேதான் இருந்தார். 2000ஆம் ஆண்டுக் கோடை, எனக்குப் பதினொரு வயது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்தால் தரையிலிருந்து குப்பென்று ஆவி கிளம்பும். ஈரம் காய்ந்ததும் பாயை விரித்துக்கொண்டு சித்தப்பாவின் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வருஷம் அவர் வாங்கி வந்த கேசட் ‘கந்தீசா’. இந்தியன் ஓஷன் குழுவுடையது. கிட்டார் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, ஆனால் பள்ளியில் பையன்கள் பீற்றிக்கொண்ட ஆங்கில ராக் மாதிரி இல்லை. தபலா ஒன்று உள்ளேயிருந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது.

ஒருநாள் பக்கத்துப் போர்ஷன் சேச்சி துணி எடுக்க மாடிக்கு வந்தார். கோட்டயத்துக்காரர். கேசட்டின் தலைப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதி மடித்த புடவையோடு அப்படியே நின்றவர், முந்தானையை மெல்லத் தலைமேல் போட்டுக்கொண்டார். “மோளே, இது எங்க பள்ளியில பாடுறது” என்றார். எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்டேன். அவர்களுக்குப் பள்ளி என்றால் மாதா கோயில் என்று சித்தப்பா சொன்னார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அராமிய மொழி வழிபாட்டுப் பாடல் அது. பாட்டு முடியும்வரை சேச்சி உட்காரவே இல்லை.

அதே கேசட்டில் ‘மா ரேவா’ என்றொரு பாட்டு. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். பேஸ் கிட்டார் வாசிக்கும் ராகுல் ராம், நர்மதை அணையை எதிர்த்த மக்கள் இயக்கத்தோடு அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர். அந்த மக்களின் பாட்டை அங்கிருந்தே கொண்டுவந்தார். இவர்கள் பாடிய பல பாடல்கள் இப்படி ஊரிடமிருந்து வாங்கி வந்தவை. குழுவின் உயிர் அதில்தான் இருந்தது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

குழுவின் கதையைச் சித்தப்பா எங்கள் குடும்பக் கதை மாதிரியே சொல்வார். கிட்டார் சுஷ்மித் சென்னும் தபலா அசீம் சக்ரவர்த்தியும் 1990இல் தில்லியில் தொடங்கியது. பெயர் வைத்தவர் சுஷ்மித்தின் அப்பா. மறுவருஷம் ராகுல் வந்தார், 1993இல் முதல் ஆல்பம். டிரம்ஸில் இருந்த ஷலீன் சர்மா போய் 1994இல் அமித் கிலம் வந்தார். அதன்பிறகு பதினைந்து வருஷம் ஆள் மாறவில்லை. ‘டெசர்ட் ரெய்ன்’ என்ற ஆல்பம், கொல்லப்பட்ட நாடகக்காரர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில், மேடையிலேயே பதிவானது.

எனக்குப் பிடித்தவர் அசீம். சம்மணமிட்டு உட்கார்ந்து, தபலாவை வாசித்துக்கொண்டே பாடுவார். பாடுகிறவர் வேறு, பக்கவாத்தியம் வேறு என்று கச்சேரி கேட்டுப் பழகிய வீடு எங்களுடையது. ஒரே ஆள் இரண்டையும் செய்வதை அப்பாவால் நம்ப முடியவில்லை. “தாளம் நழுவாதோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நழுவவே இல்லை.

அவர்கள் ஒத்திகை பார்க்கும் பழைய பங்களா எங்கள் பேட்டையில்தான் இருந்தது, கஜூர் ரோட்டில். திங்கட்கிழமை அஜ்மல் கான் ரோட்டில் கடைகள் அடைத்திருக்கும், தெருவில் சந்தை கூடும். ஒரு திங்கள் சந்தையில் எனக்குச் செருப்பு வாங்கிவிட்டு, சித்தப்பா என்னை அந்தப் பக்கம் கூட்டிப்போனார். கேட்டுக்கு வெளியே நின்றோம். உள்ளேயிருந்து தபலா மட்டும் கேட்டது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. கால் மணி நேரம் நின்றிருப்போம். கதவைத் தட்டச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. வேலை நடக்கும்போது போய் நிற்கக்கூடாது என்றார்.

2009 அக்டோபரில் தோஹாவில் அசீமுக்கு மாரடைப்பு வந்தது. டிசம்பர் 25 அன்று காலமானார். செய்தியைச் சொல்லப் போன் செய்த சித்தப்பாவால் பேச முடியவில்லை. ஒருவர் இடத்துக்கு இரண்டு பேர் வரவேண்டியிருந்தது: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. 2013இல் சுஷ்மித்தும் விலகினார், நிகில் ராவ் வந்தார். தொடங்கிய இருவருமே இல்லாமல் குழு நடக்கிறது. அடுத்து வந்த ‘தண்டனு’வில் நம் குமரேஷின் வயலினும் செல்வகணேஷின் கஞ்சிராவும் சேர்ந்துகொண்டன. சுஷ்மித்தின் கிட்டாருக்கு எனக்கு இன்னும் மனம் ஏங்கத்தான் செய்கிறது. ஆனால் ‘மா ரேவா’வைப் புதியவர்கள் பாடும்போது அது அந்நியமாக ஒலிக்கவில்லை. அது முதலிலிருந்தே நதிக்கரைக்காரர்களின் பாட்டு.

அசீம் பாடிப் பதிவுசெய்து வைத்திருந்த பாடல்களை 2010இல் மாதம் ஒன்றாக, காசு வாங்காமல் இணையத்தில் தந்தார்கள். அந்த ஆல்பத்தின் பெயர் ‘16/330 கஜூர் ரோடு’. நாங்கள் வெளியே நின்ற வீட்டின் விலாசம்.