வேட்டித் திரையும் காலை வெயிலும்

புகைப்படக் கலை பொருள் உடையார்க்கே உரியது என்றோர் எண்ணம் நம்மவர் இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. காமிரா வாங்கப் பல்லாயிரம், விளக்கு வாங்கப் பல்லாயிரம் என்று கணக்கிட்டு, அக்கணக்கிலேயே ஆசையை அடக்கிவிடுவோர் பலர். கைப்பேசியிலேயே நல்ல காமிரா அமைந்துவிட்ட இந்நாளிலும் அவ்வெண்ணம் அகலவில்லை. பணியின் பொருட்டுச் சித்தூரில் குடியேறிய நாம், விடுமுறை நாட்களில் சிறு செலவில் செய்து பார்த்த சோதனைகளை இங்கே எழுத முற்படுவது, அன்பர்களும் தத்தம் இல்லங்களில் செய்து பார்க்கக்கூடும் என்னும் நம்பிக்கையினாலேயே.

இம்முயற்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தது மகிழ்ச்சியான நிகழ்ச்சி அன்று. நம் தெருவில் முதியவர் ஒருவர் காலமானார். மாலை சூட்டி வைக்கப் படம் ஒன்று வேண்டுமென்று வீடு முழுதும் தேடினர். திருமணப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றிலெல்லாம் பெரியவர் ஓர் ஓரத்தில், யாரேனும் ஒருவருடைய தோளுக்குப் பின்னால் நின்றார். இறுதியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கினார்கள். தபால்தலை அளவுள்ள படம் ஓரடி உயரத்திற்கு வளர்ந்தால் என்னாகும்? திகைத்து விழிக்கும் ஒரு முகம் சுவரில் ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மகன் அதைப் பார்த்துவிட்டு, “இது அப்பா மாதிரியே இல்லையே” என்றார். அச்சொல் நம்மை நெடுநாள் விடவில்லை. பிள்ளைகள் ஊர் ஊராய்ப் பிரிந்து வாழும் குடும்பங்களில் இக்குறை மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி.

முதலில் நாம் வாங்கியவை இவை: 12 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டு, ஹோல்டர், பத்து முழம் வயர், தெர்மாகோல் அட்டை ஒன்று. எல்லாம் சேர்ந்து எழுநூறு ரூபாயைத் தாண்டவில்லை. எஞ்சிய ஒரு பொருள் வீட்டிலேயே இருந்தது. நைந்து மெலிந்த எட்டு முழ வேட்டி. பல்பை அப்படியே முகத்தருகே பிடித்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் கரிக்கோடாய் விழும், நெற்றி பளபளக்கும். கொடியில் வேட்டியை விரித்துத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டடியில் பல்பை வைத்தவுடன், வேட்டி முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது. விளக்கு பெரிதானால் நிழல் இளகும். நண்பகல் வெயிலில் நிழல் கறுத்து விழுவதும், மேகம் மூடிய பகலில் நிழலே இல்லாமற் போவதும் இக்காரணத்தினாலேயே. முன்னதில் வானத்தின் ஒரு புள்ளியே விளக்கு, பின்னதில் வானமே விளக்கு.

இன்னொன்று. ஒளி தூரத்தோடு குறைவது நாம் எண்ணுவதைக் காட்டிலும் விரைவானது. இரண்டடியில் இருந்த விளக்கை நான்கடிக்கு நகர்த்தினால் ஒளி பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது. ஆகவே விலையுயர்ந்த விளக்கு வாங்குவதைவிட, இருக்கும் விளக்கை அருகே கொணர்வது மேல். மறுபக்கக் கன்னத்திற்குத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் போதும். நிழல் வேண்டும் என்போர் அவ்விடத்தில் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைக்கலாம்.

மலிவான பல்புகளில் இரு தொல்லைகள் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் தரங்குறைந்த பல்பு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அம்மினுக்கம் படத்தில் பட்டை பட்டையாய் விழும். காமிராவின் மூடியை நொடியில் 50-இல் ஒரு பங்கோ 100-இல் ஒரு பங்கோ திறக்குமாறு வைத்தால் பட்டைகள் மறையும். மற்றொன்று நிறம். மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் ஒரே அறையில் எரிந்தால் முகம் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் தோன்றும். ஒன்றை அணைத்துவிடுவதே மருந்து.

கருவியைத் தாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்து, 1996-இல் சென்னையில் மறைந்த மா. கிருஷ்ணனை அன்பர்கள் அறிவர்; நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், பத்மஸ்ரீ விருது பெற்றவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களுக்கு நிகராகச் சொல்லத்தக்கவை சிலவே. அப்பெரியார் கையாண்ட காமிரா, ஒன்றின் உடலும் மற்றொன்றின் வில்லையும் வேறு பலவற்றின் உறுப்புகளும் கூட்டிக் கட்டிய ஒட்டு வேலை. அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். நம் வேட்டித் திரையைக் கண்டு நண்பர்கள் நகைத்தபோதெல்லாம் நாம் அவரை நினைத்துக்கொண்டோம்.

நிற்க. வீட்டினுள் கற்றதை வெளியிலும் சரிபார்க்க வேண்டுமன்றோ? ஞாயிறுதோறும் இரண்டு நண்பர்களுடன் வெளியே புறப்படலானோம். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் சந்திரகிரி ஒரு நிலையம். விசயநகர மன்னர்களின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றாய் விளங்கிய அவ்வூரில், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாய் மரம் இன்றி எழுப்பிய இராஜமகால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக உள்ளது. உச்சிப்பொழுதில் அதன் வளைவுகள் தட்டையாய்த் தெரியும். வெயில் சாயச் சாய ஒவ்வொரு வளைவும் குழிந்து ஆழம் பெறும். பல்பை முகத்தின் பக்கவாட்டில் வைத்தபோது கண்டதைக் கட்டடத்திலும் கண்டோம். முக்காலி நிறுத்துவதற்கு அங்கே முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்போர்க்குத் தடையில்லை.

தலக்கோனை அருவி 270 அடி உயரத்திலிருந்து விழுவது. நீரைப் பட்டுத்துணி போல் காட்ட, காமிராவைக் கால் நொடியேனும் அசையாது வைத்தல் வேண்டும். முக்காலிக்குப் பதில் மஞ்சட்பை ஒன்றில் மணலை நிரப்பிப் பாறைமேல் வைத்து, அதன்மீது காமிராவைப் புதைத்தோம். பை காசின்றிக் கிடைத்தது, ஏதோ ஒரு கல்யாணத்தில். ஆயினும் சேஷாசலத்தில் பாதையை விட்டு விலகிச் செல்லற்க. செம்மரக் கடத்தலின் காரணமாக அங்குக் காவல் கடுமை. 2015 ஏப்ரல் 7-இல் அம்மலைச் சரிவில் 20 தமிழ்த் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அடையாள அட்டையுடன் செல்வதும் பகலிலேயே திரும்புவதும் நல்லது.

திருமலையில் ஆலயத்தினுள் காமிராவும் கைப்பேசியும் கொண்டு செல்லலாகாது. வெளியிலோ, மொட்டையடித்த குழந்தைகளைப் படம் பிடிக்கும் பெற்றோர் நிறைந்த உலகம். ஃபிளாஷ் அடித்தால் மழித்த தலையில் மின்னல் தெறிக்கிறதென்று ஒரு தந்தையார் வருந்தினார். சந்தனம் பூசிய பிறகு எடுக்கச் சொன்னோம். சந்தனப் பூச்சு ஒளியைச் சிதறடித்து மினுமினுப்பை அடக்கிவிடுகிறது. ஒப்பனைக்காரர் முகத்தில் மாவு பூசுவதும் இதற்கே.

இத்தனையும் கற்றபின், நம் தெருவில் தொண்ணூறை நெருங்கும் பாட்டி ஒருவரை அணுகினோம். அவர் பிறந்தபோது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிப் பிரிந்தது. பாட்டியோ பிறந்த தெருவை விட்டு நகரவேயில்லை. நாம் ஊர் மாறினோம். அவருக்கு ஊரே மாறிற்று.

“நான் என்ன கல்யாணப் பெண்ணா, தம்பி? விளக்கெல்லாம் எதுக்கு?” என்றார். ஆயினும் சுங்குடிப் புடவை உடுத்தி வந்து அமர்ந்தார். பக்கவாட்டில் வேட்டித் திரையை வைத்து ஒரு படம். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் வரப்பும் வாய்க்காலுமாய்த் தெரிந்தது. பிறகு நாற்காலியை வாசல் நோக்கித் திருப்பி, விளக்கை அணைத்துவிட்டு, காலை வெளிச்சம் நேரே முகத்தில் படுமாறு மற்றொரு படம். முன்னதே கலை என்று நண்பர்களும் நாமும் ஒருமுகமாய் முடிவு செய்தோம். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “காய்ஞ்ச வேர் மாதிரி இருக்கேன்” என்று ஒதுக்கினார். இரண்டாவதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். அதில் அவர் சற்றே சிரித்திருந்தார். அதன்பின் நாம் கலையைப்பற்றி வாதாடவில்லை, படம் அவருடையது.

காணொளி அழைப்பில் தாயின் முகம் கறுத்துத் தெரிகிறதென்று வருந்தும் அன்பர்களுக்கும் இந்நாற்காலி பயன்படும். முதுகுப்புறம் சன்னல் இருந்தால் முகம் இருளும். நாற்காலியைத் திருப்பிப் போட யாரேனும் ஒருவரிடம் சொன்னால் போதும், செலவே இல்லை.

பாட்டி மூன்று பிரதிகள் கேட்டார். ஒன்று சார்ஜாவில் உள்ள மகனுக்கு, ஒன்று பெங்களூரில் உள்ள மகளுக்கு. மூன்றாவது யாருக்கு என்றோம்.

“அது பெட்டியில இருக்கட்டும். வேணும்போது தேட வேண்டாம் பாரு.”

பளபளப்பில்லாத தாளில், பத்தங்குல உயரத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். அதே தெருவில் மேலும் நான்கு வீட்டார் நாள் குறித்திருக்கின்றனர். மழை மேகம் கூடி வருவதால், வேட்டியை மடித்து வைத்துவிட்டு வாசலிலேயே நாற்காலி போடலாம் என்றிருக்கிறோம்.