பாதியில் நின்ற முள்



இந்த வாரம் என் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்போகிறேன். தியானம் வாசிக்க வந்த உங்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஓராண்டாக மனதிற்குள் வைத்திருந்த ஒன்றை உங்களிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சென்ற ஆண்டு லெந்து காலத் தொடக்கத்தில் என் வண்டியின் பெட்ரோல் முள் பாதியில் நின்றுவிட்டது. 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாலும் பாதி; 60 கிலோமீட்டர் ஓடி வந்தாலும் பாதி. இரண்டாம் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் லெந்து காலத்தில் ஒரு சேகர குருவின் நாட்கள் எப்படிக் கழியும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கிளைச்சபைகளில் மாலைக் கூட்டங்கள், திடப்படுத்தல் வகுப்புகள், வீட்டு ஜெபங்கள். அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் விடலாம் என்று மூன்று வாரங்களைக் கடத்தினேன்.

ஒருநாள் அதிகாலை 4 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. குதிரைமொழித் தேரிக்கு அப்பால் உள்ள எங்கள் கிளைச்சபையைச் சேர்ந்த ஒரு தாயார், எண்பது வயதைக் கடந்தவர், மூச்சுத் திணறலோடு இருந்தார். "அம்மா திருவிருந்து எடுக்கணும்னு கேக்காங்க. ஐயாவைக் கூப்பிடு, ஐயாவைக் கூப்பிடுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார் மகள். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் சிறு பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முள்ளைப் பார்த்தேன். பாதி இருந்தது. அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏதோ ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் குறித்துத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தேரியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. இருபுறமும் செம்மணல் மேடுகள், பனைகள், முந்திரிப் புதர்கள். வீடும் இல்லை, பங்கும் இல்லை. அங்கே வண்டி இரண்டு முறை திணறி நின்றது.

பழைய வண்டியாக இருந்திருந்தால் டேங்கின் அடியில் உள்ள குழாயை ரிசர்வுக்குத் திருப்பியிருப்பேன். என் தகப்பனார் ஓட்டிய வண்டியில் முள்ளே கிடையாது. மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். இல்லாவிட்டால் வண்டியை ஆட்டி உள்ளே அலம்பும் சத்தத்தைக் கேட்பார். அவர் ஒருநாளும் வழியில் நின்றதாக எனக்கு நினைவில்லை. என் வண்டியோ பெட்ரோலை ஊசி போலப் பீய்ச்சும் புதிய வகை. அதில் ரிசர்வ் குழாய் இல்லை. பெட்ரோல் குறைந்தால் எரியும் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் உண்டு. அந்த விளக்கும் முள்ளுக்குச் சேதி சொல்லும் அதே மிதவையின் பேச்சைக் கேட்டுத்தான் எரியும். ஆகவே அதுவும் மௌனமாக இருந்தது.

மோட்டார் சைக்கிளின் டேங்க் சட்டத்தின்மேல் சேணம் போல இருபுறமும் கவிந்து உட்கார்ந்திருப்பது. நடுமேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கிய சிறிதளவு பெட்ரோல் பம்ப் இருக்கும் பக்கத்துக்கு வராமல் நின்றுவிடும். வண்டியை நன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் அரை கிலோமீட்டர் ஓடியது. (பெட்ரோல் வற்றிய நிலையில் இப்படி ஓட்டுவது நல்லதல்ல. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோலே. அது இல்லாமல் ஓடினால் பம்ப் கெட்டுப்போகும். வாலிபத் தம்பிமார் கவனித்துக்கொள்ளுங்கள்.) அதன்பின் தள்ளினேன். ஐம்பதைக் கடந்தவனுக்கு அந்தச் சாலை ஏற்றமாகவே இருந்தது. பதனீர்க் காலம் என்பதால், கருக்கலில் மரம் ஏறப் புறப்பட்ட ஒரு சகோதரர் மொபெட்டில் வந்தார். "வண்டியை இப்படிப் பனையோரம் போட்டுட்டுப் பின்னால ஏறுங்கய்யா" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கால் மணி நேரம் முன்னாலதான் ஐயா" என்று மாத்திரம் சொன்னார்.

வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். கூடியிருந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். வண்டி விஷயத்தில் ஐயா என்ன செய்ய முடியும் என்றார்கள். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொண்டேன். அந்த முள் பொய் சொல்வது மூன்று வாரமாக எனக்குத் தெரியும் என்று எவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கித்தேன். நன்றாகவே பிரசங்கித்தேன் என்று பலர் சொன்னார்கள்.

அந்த வாரமே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் டேங்கிலிருந்து ஒரு சிறு கம்பியையும் அதன் நுனியில் இருந்த மிதவையையும் வெளியே எடுத்துக் காட்டினார். பெட்ரோலோடு மிதவை ஏறி இறங்க, கம்பியின் மறுமுனை ஒரு தகட்டின்மேல் உரசி நகரும். அதற்கேற்ப மின்சாரம் கூடியும் குறைந்தும் மேலே முள் அசையும். என் வண்டியில் கம்பியின் மூட்டில் துரு ஏறி, மிதவை நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ளே புகுந்தால் அது மூழ்கிப்போய், டேங்க் நிறைந்திருந்தாலும் முள் காலி என்றே காட்டுமாம். "முள்ளு மேல தப்பு இல்லைய்யா. கீழ இருந்து என்ன சேதி வருதோ அதைத்தான் அது சொல்லும்" என்றார்.

பிரியமானவர்களே, அந்தப் பட்டறையில் ஒரு மர முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த முள் பாதிக்குப் பதிலாகக் காலி என்று காட்டி நின்றிருந்தால், நான் மூன்று வாரங்கள் பொறுத்திருப்பேனா? அன்று மாலையே பழுது பார்த்திருப்பேன். நமக்கு விரோதமாகப் பொய் சொல்லும் கருவியை உடனே திருத்துகிறோம். சாதகமாகப் பொய் சொல்லும் கருவியோடு சமாதானமாக வாழ்கிறோம்.

சிம்சோனை நினைத்துப் பாருங்கள். நியாயாதிபதிகள் 16-ஆம் அதிகாரத்தில் அவன் தூக்கத்திலிருந்து எழும்பி, முன்போலவே உதறிக்கொண்டு வெளியேறிவிடலாம் என்று எண்ணுகிறான். அவன் பெலன் போய்விட்டது. பெலன் இருக்கிறது என்ற நினைவோ போகவில்லை. லவோதிக்கேயா சபையும் அப்படித்தான். அந்த நகரம் கி.பி. 60-ல் நிலநடுக்கத்தால் இடிந்தபோது, ரோமின் உதவி இல்லாமலே தன் சொந்தச் செல்வத்தால் எழும்பியதாக வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். அப்படிப்பட்ட ஊரில் இருந்த சபைக்கு, தனக்கு ஒரு குறைவும் இல்லை என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆண்டவர் அவர்களைத் தரித்திரர், குருடர் என்று அழைத்தபோது, அவர்கள் திடுக்கிட்டிருக்கவே வேண்டும். அவர்களுடைய முள் நிறைவு என்றல்லவா காட்டிக்கொண்டிருந்தது!

என் முள் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "இன்றைய செய்தி ஆசீர்வாதமாக இருந்ததுங்க ஐயா" என்று நீங்கள் சொல்லுவது. அந்த லெந்து காலத்தில் வாரத்துக்கு ஆறு கூட்டங்களில் பேசினேன். அத்தனை நாட்களிலும் பிரசங்கத்துக்காக அல்லாமல், எனக்காக நான் வேதத்தைத் திறந்ததில்லை. உங்கள் வார்த்தைகளைக் கேட்டு, பாதியாவது இருக்கிறது என்று நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி ஒருமுறை கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஆனால் இதை வாசிக்கும் எல்லாருக்கும் இதையே சொல்லிவிட எனக்கு மனமில்லை. உங்களில் சிலருடைய மிதவை மூழ்கிக் கிடக்கிறது. உங்கள் முள் எப்பொழுதும் காலி என்றே காட்டுகிறது. சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியாவின் முள் அப்படித்தான் இருந்தது. தான் ஒருவன் மாத்திரமே மீதி என்று அவன் கணக்குச் சொன்னான். தேவனுடைய கணக்கிலோ 7000 பேர் இருந்தார்கள். அந்தக் கணக்கைத் தேவன் உடனே திருத்தவும் இல்லை. முதலில் அவனைத் தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் இருமுறை கொடுத்தார். வெகுதூரம் நடந்து ஓரேபுக்கு வந்த பிறகே அந்த எண்ணிக்கையைச் சொன்னார். நீங்கள் காலியாக உணருகிறீர்கள் என்பதற்காக நீங்கள் காலி என்று முடிவு செய்துவிடாதேயுங்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள். தேவையானால் மருத்துவரிடமும் போங்கள்; அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

முள் சரியான பிறகும் நான் அதை முழுவதுமாக நம்புவதில்லை. வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்தாலே அது வேறொன்று சொல்லுகிறது. டேங்கை நிரப்பும்போது தூரமானியைப் பூஜ்யத்தில் வைத்து, 300 கிலோமீட்டர் ஆனதும் முள் என்ன சொன்னாலும் பங்குக்குப் போகிறேன். ஊழியத்துக்கும் அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எனக்கென்று வேதத்தைத் திறந்த நாட்களைச் சட்டைப்பையில் உள்ள சிறு குறிப்பேட்டில் குறிக்கிறேன். சனிக்கிழமை இரவு அந்தக் குறிப்பேடு என் மனைவியின் கைக்குப் போகும். இது மதிப்பெண் போடும் வேலை என்று என் உடன் ஊழியர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

சென்ற வாரம் அந்தத் தாயாரின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. எல்லாரும் போன பிறகு மகளைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, முள்ளைப் பற்றிய முழு விஷயத்தையும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் ஒண்ணு சொல்லணும்யா" என்றார்.

"அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கண்ணு தெரியலை. 'ஐயா வந்துட்டாங்கம்மா'ன்னு பொய் சொல்லிட்டேன். நானே தலையில கைவச்சு கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். அம்மா ஆமென் சொன்னாங்க. ஒரு வருஷமா உறுத்திக்கிட்டே இருக்கு. அது தப்பாய்யா?"

என்னால் உடனே பேச முடியவில்லை. நான் செய்யவேண்டியதை நீ செய்தாய் அம்மா என்று சொன்னேன். இதை எழுதலாமா என்றும் கேட்டேன். எழுதுங்கய்யா என்று சொல்லிவிட்டு, கருப்பட்டிக் காப்பி கொண்டுவர உள்ளே போனார்.