இரண்டு முக்கோணங்கள்

டோல்கேட்டில் எங்கள் வீட்டு மாடத்தில், மாதா சுரூபத்துக்கு அருகே, கறுப்பு நிற வட்டக் கருவி ஒன்று நெடுங்காலம் இருந்தது. பார்வைக்குக் கடிகாரம் போலிருக்கும். ஆனால் எண்கள் பூஜ்யம் முதல் ஒன்பது வரைதான். முட்கள் மூன்று. உலகப் போர் முடிந்து, கழித்துக் கட்டிய விமானச் சாமான்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்த காலத்தில், அப்பா அதை எடைக்கு வாங்கி வந்தாராம். அது விமானத்தின் உயரமானி என்பது அவருக்குத் தெரியும். முகப்பின் விளிம்பில் ஒன்றும், சற்று உள்ளே மற்றொன்றுமாக இரண்டு சிறு முக்கோணங்கள் அதில் இருந்தன. அவை எதற்கு என்று கேட்டால், “விமானம் அடிபட்ட உயரம்” என்பார் அப்பா. உள் முக்கோணம் மூன்றைத் தொடும் முன்னே நின்றது. வெளி முக்கோணம் ஒன்பதில் நின்றது. ஆக, 2900 அடி.

அந்த விமானியின் பெயர் யாருக்குத் தெரியும்? ஆயினும் ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளில், காசிமேட்டில் எங்கள் உறவினருக்கு ஏற்றும் மெழுகுவர்த்திகளோடு அவருக்கென ஒன்றையும் அப்பா ஏற்றினார். அவருக்குப் பின் அண்ணனும் நானும் ஏற்றினோம். மறைக்கல்வி வகுப்பில் இக்கதையை நான் சொல்லாத ஆண்டில்லை. கேட்டு அழுத பிள்ளைகளும் உண்டு. அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

சென்ற ஆண்டு, விமானப்படையில் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயது எண்பதைக் கடந்தவர். கருவியை வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தச் சன்னலில் எண் ஏன் இல்லை?” என்றார். முகப்பின் வலப்புறத்தில் சிறு சன்னல் ஒன்று வெறுமையாக இருக்கும். உள்ளே இருந்த காகிதம் உதிர்ந்து போயிருக்கும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

உயரமானிக்கு உயரம் தெரியாது என்பதை அன்றுதான் கற்றேன். அது அறிந்ததெல்லாம் காற்றின் அழுத்தமே. உள்ளே, காற்று நீக்கிய மெல்லிய உலோகச் சிமிழ் இருக்கிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து அது விரிகிறது. அவ்விரிவைப் பற்சக்கரங்கள் முட்களுக்குக் கடத்துகின்றன. ஆனால் தரையிலும் அழுத்தம் ஒரே நிலையில் இருப்பதில்லையே! வங்கக் கடலில் புயல் உருவானால், நின்ற இடத்திலேயே நிற்கும் விமானம் உயர்ந்துவிட்டதாகக் கருவி சொல்லும். ஓர் அங்குலப் பாதரசம் குறைந்தால் ஏறத்தாழ 1000 அடி பிழை. ஆகவே தரையிலிருப்பவர் அன்றைய அழுத்தத்தைச் சொல்ல, விமானி குமிழைத் திருகி அந்த எண்ணைச் சன்னலில் கொண்டுவந்து நிறுத்துவார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பால் கோல்ஸ்மன் 1928-இல் உருவாக்கிய ஏற்பாடு இது.

இதைக் கேட்டபோது, எப்போதோ படித்த ஒரு துறவி நினைவுக்கு வந்தார். 1648 செப்டம்பர் 19 அன்று, பாஸ்கலின் தமக்கை கணவர் பெரியே, பிரான்சின் புய்-தெ-டோம் மலைமீது பாதரசக் குழாயோடு ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேல் தாழ்ந்தது. மலையேறியவரையே எல்லோரும் பேசுகிறார்கள். கீழே கிளெர்மோன் நகரில், மினிம் சபை மடத்தின் தோட்டத்தில், இன்னொரு குழாயை ஷாஸ்தேன் என்ற அருட்தந்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. அவர் அங்கே இருந்திராவிட்டால், பாதரசத்தை இறக்கியது மலையா, வானிலையா என்று சொல்லியிருக்க முடியாது.

முக்கோணங்களுக்கு வருகிறேன். சன்னலின் அளவுகோல் ஏறத்தாழ 28 முதல் 31 அங்குலம் வரைதான். சென்னைக்கு அது போதும். ஏறத்தாழ 3000 அடி உயரத்திலுள்ள பெங்களூரில், ஓடுதளத்தில் முட்கள் பூஜ்யம் காட்ட வேண்டுமானால், 27 அங்குலத்துக்கும் கீழே போகவேண்டும். எண்கள் தீர்ந்து சன்னல் காலியாகிவிடும். அப்போது உதவுவன இம்முக்கோணங்களே. 29.92 அங்குலம் என்னும் நியம அழுத்தத்தில் இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும். குமிழைத் திருகினால், அதிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதை அடிக்கணக்கில் காட்டும். வெளி முக்கோணம் நூறுகளை, உள் முக்கோணம் ஆயிரங்களை. பறக்கும்போது அவை தாமாக அசைவதே இல்லை.

“இது விழுந்த உயரமில்லை, தம்பி. யாரோ தரையில் நின்று திருகி வைத்த கணக்கு.”

1943-இல் பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அமெரிக்கப் படையின் பொறுப்பில் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று என்று பின்னர் படித்தேன். உடனே என் மனம் அடுத்த கதையைக் கட்டத் தொடங்கியது. அடக்கிக்கொண்டேன். இரும்புக் கடைப் பையன் விளையாட்டாகத் திருகியதாகவும் இருக்கலாம்; பிறகுதான் குமிழ் துருவேறி இறுகியிருக்கும்.

போகும்போது பெரியவர் எச்சரித்தார்: இருளில் ஒளிரும்படி எண்களில் பூசப்பட்டிருப்பது ரேடியம், கண்ணாடியை ஒருபோதும் கழற்றலாகாது. ஒளி எப்போதோ மங்கிவிட்டது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். மாடத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். எத்தனை பிள்ளைகளின் கையில் கொடுத்திருப்பேன்!

அடுத்த ஞாயிறு வகுப்பில், இத்தனை ஆண்டுகள் தவறாகச் சொல்லிவந்தேன் என்று பிள்ளைகளிடம் கூறினேன். எளிதாக இல்லை. “அப்படியென்றால் அந்த விமானி சாகவில்லையா, தாத்தா?” என்றாள் ஒரு சிறுமி. “தெரியாது அம்மா” என்றேன்.

நவம்பர் 2 அன்று காசிமேட்டில் எல்லாரும் ஏற்றி முடித்த பிறகு, அண்ணன் கையில் ஒரு மெழுகுவர்த்தி மிஞ்சியிருந்தது. பழக்கத்தில் எண்ணி வாங்கிவிட்டார். “இதை என்னடா செய்வது?” என்றார். பக்கத்தில் பெயர் தேய்ந்துபோன ஒரு கல்லறை இருந்தது. கடற்காற்று பலமாக வீசியதால், மூன்று தீக்குச்சிகள் தேவைப்பட்டன.