சேலையூருக்கு வந்த சிங்கம்

எண்பதுகளின் நடுவில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய தமிழ்ப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், எங்களுக்கு முந்தைய அண்ணன்மார் தலைமுறையை ஏற்கெனவே வளர்த்து ஆளாக்கியிருந்தது. 1984 ஜூலையில் ஒரே மாதத்தில் இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். முதல் இதழ் ஜேம்ஸ்பாண்டின் 'அழகியைத் தேடி'. மற்றது லயன் காமிக்ஸ். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன். அப்போது அவருக்கு வயது பதினேழு. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு பூந்தளிர் வந்தது, பிறகு திகில் காமிக்ஸ் வந்தது. கோகுலமும் அம்புலிமாமாவும் எப்போதும் போல இருந்தன. பதினேழு வயதுப் பையன் ஒருவன் பத்திரிகை ஆசிரியர் ஆகிவிட்டான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

நாங்கள் சேலையூரில் இருந்தோம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காலி மனைகள் இருந்த காலம். விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் பகல் முழுக்கத் தலைக்கு மேல் வட்டமடிக்கும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கப் போகும். கேம்ப் ரோடு முனையில் ஒரு பெட்டிக்கடை. அங்கே ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் கயிற்றில் கிளிப் மாட்டி ராணி காமிக்ஸ் தொங்கும். ஒன்றரை ரூபாய்க்கு ஆரம்பித்த புத்தகம் அது. செய்தித்தாள் போகும் இடமெல்லாம் அதுவும் போகும் என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். லயன் அப்படி இல்லை. ஏஜெண்ட் வாங்கியிருந்தால் உண்டு. அதற்காகச் சைக்கிளில் தாம்பரம் ஸ்டேஷன் வரை போய், அங்குள்ள புத்தகக் கடைகளில் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்போம். சில மாதம் இருக்கும். சில மாதம், "நேத்தே வித்துடுச்சு தம்பி" என்பார்கள்.

மிச்சமெல்லாம் பண்டமாற்றுதான். அதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. ஒரு முத்து காமிக்ஸ் மாயாவிக்கு இரண்டு ராணி. அட்டை இல்லாத புத்தகம் பாதி மதிப்பு. கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால் அதை யாரும் கையால் தொட மாட்டார்கள். கிழக்குத் தாம்பரத்தில் இருந்த வாடகை நூலகத்தில் புத்தகங்களை ஓரத்தில் சணல் போட்டுத் தைத்து வைத்திருப்பார்கள். இடது பக்கப் படங்களில் பாதி அந்தத் தையலுக்குள் போய்விடும். வில்லன் என்ன சொல்கிறான் என்பதை வலது பக்கத்து ஆளின் பதிலிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான், நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம், ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா ஒரு சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்கு ஒரு புக்குக்கு வருஷச் சந்தா கட்டலாம்னு இருக்கேன். ஒண்ணுதான். எதுன்னு யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லே." எதற்காக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒரு தேர்தல். அம்மாவின் ஓட்டு அம்புலிமாமாவுக்கு. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறும் கதையை அவர் தன் சின்ன வயதிலேயே படித்தவர். "நானும் படிக்கலாம், பாட்டிக்கும் படிச்சுக் காட்டலாம்" என்றார். நியாயமான பேச்சு. அக்கா பூந்தளிர் என்றாள். அவளுக்கு, வேண்டிய நீளத்துக்கு வால் நீளும் குரங்கு கபீஷும், சொன்னதைச் சொன்னபடியே செய்து எல்லாவற்றையும் கெடுக்கும் சுப்பாண்டியும் உயிர். எனக்கும் கபீஷைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கதைகள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். படித்துவிட்டு மூடி வைத்தால் மனசில் பாக்கி ஒன்றும் இருக்காது.

எனக்குப் பாக்கி வேண்டியிருந்தது.

கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணாவிடம் போனேன். அவர் வீட்டுப் பரணில் பழைய முத்து காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. அவர் என் கேள்வியைச் சின்னப் பையன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. மொட்டைமாடியில் உட்காரவைத்து வக்கீல் மாதிரி பேசினார். "ராணி எப்படியும் கேம்ப் ரோட்டுக்கு வந்துடும். நீ வாங்கலேன்னா தெருவுல வேற எவனாவது வாங்குவான். கடையில கிடைக்கிறதுக்கு எதுக்குடா சந்தா? தேடினாலும் கிடைக்காததுக்குத்தான் சந்தா கட்டணும்."

ராணி அத்தோடு போட்டியிலிருந்து விலகியது. அதில் வந்த முகமூடி மாயாவியை, அந்த மண்டையோட்டு மோதிரத்தை, நான் மனசார நேசித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மீதி இருந்தவை முத்துவும் லயனும். முத்து என்றால் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வாலியண்ட்' வார இதழில் பிறந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அண்ணா ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். இருட்டறை, மேசை, அதன் மேல் டெலிபோன். யாருமில்லை. ரிசீவரை ஒரு கை மட்டும் தூக்கிப் பிடித்திருக்கிறது. விரல்களின் மூட்டுக்கு மூட்டு ஆணி முடுக்கியிருப்பது வரை தெரிகிறது. ஜீஸஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் வரைந்த படம் அது என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த இருட்டை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதாரணத் தாளில் கறுப்பு மையால் இவ்வளவு ஆழம் கொண்டுவர முடியுமா என்று இருந்தது. ஆனாலும் மாயாவியின் நல்ல கதைகள் ஏற்கெனவே வந்துவிட்டவை. அண்ணாவின் டிரங்குப் பெட்டியிலேயே அவன் குடியிருந்தான்.

லயனில் ஒரே ஆள் இல்லை, ஒரு பட்டாளமே இருந்தது. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக ஆசைப்பட்டு, பிறகு அவர்களையே வேட்டையாடக் கிளம்பிய ஸ்பைடர் இருந்தான்; அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இரும்பு மனிதன் ஆர்ச்சி இருந்தான். இத்தாலியில் 1948 முதல் குதிரையேறிக்கொண்டிருக்கும் டெக்ஸ் வில்லர் இருந்தார். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் லக்கி லுக் இருந்தான். இதற்கெல்லாம் மேலே, 'இரத்தப் படலம்' இருந்தது.

கடற்கரையில் ஒருவன் ஒதுங்குகிறான். தலையில் குண்டுக் காயம். பெயர் நினைவில்லை, ஊர் நினைவில்லை. கழுத்தெலும்புக்கு அருகே ரோமன் எழுத்தில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. அவ்வளவுதான் அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். யார் யாரோ அவனைக் கொல்லத் துரத்துகிறார்கள். ஒவ்வொரு பாகத்திலும் அவனுக்கு ஒரு புதுப் பெயர் கிடைக்கிறது, அடுத்ததில் அந்தப் பெயரும் பொய்யாகிறது. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் கதை அது. அங்கேயே 1984-இல்தான் முதல் பாகம் புத்தகமாக வந்தது. அதாவது சேலையூரில் நான் படித்துக்கொண்டிருந்த கதையின் முடிவு அப்போது உலகத்தில் யாருக்கும் அச்சில் கிடைத்திருக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் இருந்த பையனும் என்னைப் போலவே காத்திருந்தான். எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது.

தனித்தனிக் கதை என்றால் ஒன்று விட்டுப்போனாலும் பாதகமில்லை. தொடர்கதையில் ஒரு பாகம் கைநழுவினால் அடுத்தது புரியாது. ஸ்டேஷனில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று அதை விட்டுவைக்க முடியாது. அப்பாவிடம் போய், "லயன்" என்றேன். "சரி" என்றார்.

மறுநாள் தபால் நிலையத்தில் மணியார்டர் பாரம் வாங்கி என்னையே எழுதச் சொன்னார். அனுப்புநர் இடத்தில் அப்பா பெயரை எழுதப் போனபோது தடுத்தார். "படிக்கப்போறது நீதானே? உன் பேரைப் போடு." பெயர், தெரு, சேலையூர், சென்னை – 73. கூப்பனில் 'லயன் காமிக்ஸ் ஆண்டுச் சந்தா' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சில நாளில், சிவகாசியில் பணம் பெற்றுக்கொண்ட கையெழுத்தோடு ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. அந்தத் துண்டுச் சீட்டைக் கணக்குப் புத்தகத்தில் வைத்திருந்து ஸ்கூலில் எல்லாரிடமும் காட்டினேன்.

முதல் இதழ் வந்த அன்று போஸ்ட்மேன் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி, "யாரு, இந்த வீட்டுல?" என்று கேட்டார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் அப்பா பெயருக்கு. நான் முன்னால் போய் நின்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சுற்றியிருந்த தாளில் பேனாவால் என் விலாசம். எழுதியவர் யாரென்று தெரியாது. அட்டையின் நடுவே மடித்த கோடு விழுந்திருந்தது. அதை அம்மாவின் அரிவாள்மனைப் பலகைக்கு அடியில் ராத்திரி முழுக்க வைத்து நிமிர்த்தினேன்.

அந்த வருஷம் தெருவின் பண்டமாற்றுச் சட்டங்கள் என் பக்கம் சாய்ந்தன. புதுசு முதலில் என்னிடம்தான் வரும், பிறகு எதிர்வீட்டு அண்ணா, பிறகு வரிசை. அண்ணா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, "அவன் நிஜமா யாருன்னு நினைக்கிறே?" என்று கேட்பார். எங்கள் இருவருக்கும் தனித்தனி ஊகம் இருந்தது. இரண்டையும் அடுத்த பாகம் உடைக்கும்.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது. செய்தியைக் கேட்டபோது மண்டையோட்டு மோதிரம்தான் நினைவுக்கு வந்தது. லயனும் முத்துவும் 2012-க்குப் பிறகு புது வேகம் எடுத்து, வழவழத் தாளில் வண்ணத்தில் வருகின்றன. அடுத்த வருஷத்தின் அட்டவணையை முன்கூட்டியே அறிவித்து, விருப்பமான பிரிவுக்குச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்றும் பல நாள் ஆகிறது.

பெயர் மறந்தவனின் கதையைப் பெல்ஜியத்தில் 2007-இல் முடித்தார்கள். 2010-இல் சிவகாசியிலிருந்து தலையணை கனத்தில் 'இரத்தப் படலம்' ஒரே தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. கல்லூரி, வேலை என்று ஊர் ஊராகப் போனதில் எனக்குக் கதை நடுவிலேயே விட்டுப்போயிருந்தது. புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பாகத்தைப் புரட்டவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினேனோ அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படிக்க ஆரம்பித்தேன். பாதி ராத்திரியில் அண்ணாவுக்குப் போன் போட்டு, நம் இருவர் ஊகமும் தப்பு என்றேன்.