ஸோடாப் புட்டியும் கோலிக் குண்டும்

தபால் தலை சேர்க்கிறவரை உலகம் ரஸிகர் என்கிறது. பழைய நாணயம் சேர்க்கிறவரை ஆராய்ச்சியாளர் என்கிறது. பழைய ஸோடாப் புட்டி சேர்க்கிறவனை மட்டும் 'காயலான் கடை' என்று கூப்பிடுகிறது. கோயமுத்தூரில் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்து வெகு காலமாகிறது. பட்டம் அளித்தவள் என் சகதர்மிணி.

அமெரிக்காவில் இந்தப் பைத்தியத்துக்கு வெகு கௌரவம். அங்கே பழைய பீர் டப்பாக்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். 1935-ஆம் வருஷம் க்ரூகர் கம்பெனியார் தகர டப்பாவில் பீரை அடைத்து விற்றதுதான் ஆரம்பம். ஊருக்கு ஒரு பீர், ஊருக்கு ஒரு பேஸ்பால் கோஷ்டி. 1915-ல் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியைக் கூட்டாளியுடன் வாங்கிய ஜேக்கப் ரூப்பர்ட் ஒரு பீர் முதலாளி. 1953-ல் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கோஷ்டியைப் பீர்க் கம்பெனி ஒன்றே வாங்கிவிட்டது. ஆகவே, டப்பாவைப் பார்த்தால் அவர்களுக்கு ஆட்டம் ஞாபகம் வருகிறது.

நம் கொங்கு நாட்டுக் கதை வேறு. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. திருச்செங்கோடும் நாமக்கல்லும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. இங்கே பீர் டப்பா தேடுவது மணலில் மீன் பிடிப்பதுதான். ஆனால் ஊருக்கு ஒரு பானம் நமக்கும் இருந்தது. அதற்கென்று ஓர் ஆட்டமும் இருந்தது. பானம் கோலி ஸோடா, ஆட்டம் கோலி.

அந்தப் புட்டியை ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் பதிவு செய்தார். தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். நிமிர்த்தினால், உள்ளேயுள்ள வாயு கண்ணாடிக் குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திக்கொள்ளும். தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். குண்டை வெளியே எடுக்கவும் முடியாது. உடைத்தால்தான் உண்டு.

இந்த ஒரு வார்த்தையில்தான் பையன்களின் ஆசையும் ஸோடாக்காரரின் துயரமும் அடங்கியிருந்தன. ஸோடாவைவிடப் புட்டிக்குத்தான் விலை அதிகம். திரும்பி வர வேண்டுமென்றே கண்ணாடியில் தம் பெயரையும் ஊரையும் வார்த்து வைத்தார்கள். பையன்களுக்குப் பெயரா முக்கியம்? பச்சைச் சாயல் அடித்த அந்தக் குண்டு கையிலிருந்தால் தெருவுக்கே ராஜா. தோற்றவன் கை முட்டி தேயத் தேயக் குண்டைத் தள்ளிக்கொண்டு போவான்.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நான் பொறுக்கியவை இருபத்தேழு. பதினொன்றுக்குக் கழுத்து இல்லை. முழுப் புட்டிகளை அலமாரியின் மேல் தட்டில் வைக்கும்படி நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள். நான் உடைந்தவற்றையே அங்கே வைத்திருக்கிறேன். முழுப் புட்டி ஸோடாக்காரருடையது; உடைந்தது ஆட்டத்தைச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்றில் ஊர்ப் பெயர் பாதி தேய்ந்து, 'பாளையம்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொங்கு நாட்டில் பாளையங்களுக்கா பஞ்சம்! கோபிசெட்டிபாளையமா, மேட்டுப்பாளையமா, பெரியநாயக்கன்பாளையமா என்று வயதானவர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.