இறங்காத விமானம்

மிளகு வாணிபத்தின் பொருட்டு எங்கள் பாட்டனார் மட்டாஞ்சேரியில் குடியேறினார். காயலை நோக்கிய ஒரு மாடி வீட்டில் நாங்கள் வளர்ந்தோம். எதிரே வில்லிங்டன் தீவு. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது எடுத்த மண்ணால் உருவானது. அங்குள்ள கடற்படை விமான நிலையமே, 1999-இல் நெடும்பாசேரி நிலையம் திறக்கப்படும்வரை, கொச்சிக்கு வரும் பயணிகளுக்கும் வாயிலாக விளங்கிற்று. தீவைச் சுற்றிலும் நீர். பிழை செய்யும் விமானிக்கு அங்கே இடமில்லை.

1970-களில் ஓர் ஆனி மாதம். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டனார் இறுதிப் படுக்கையில் இருந்தார். மூத்த மகனாகிய எங்கள் தந்தையாரைக் காணவேண்டும் என்பதொன்றே அவர் வாயில் வந்த சொல். தந்தி கண்ட தந்தையார் சென்னையில் விமானம் ஏறியிருந்தார்.

மாலையில் மேகத்துக்குள் விசிறிகளின் இரைச்சல் கேட்டது. மாடியில் நனைந்தபடி நின்றோம். மழைத்திரையை விலக்கிக்கொண்டு சிறு விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. காற்று அதன் இறக்கையை ஒருபுறம் சாய்த்தது, நிமிர்ந்தது, மீண்டும் சாய்ந்தது. இதோ இறங்கிவிட்டது என்று நாங்கள் கைதட்டிய வேளையில், பேரிரைச்சலோடு மேலெழுந்து மறைந்தது. மறுமுறையும் வந்தது, மறுமுறையும் எழுந்தது. அதன்பின் மழையோசை மட்டுமே கேட்டது.

விமானம் கோவைக்குச் சென்று பீளமேட்டில் இறங்கியது. தந்தையார் பாலக்காட்டு வழியாக மறுநாள் வந்து சேர்ந்தபோது பாட்டனார் இல்லை. "வாசல்வரை வந்தவனை உள்ளே விடாமல் கொண்டுபோனானே, அந்தக் கோழை!" என்று பாட்டியார் அவ்விமானியைச் சபித்தார். நாங்களும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

உண்மையைப் பின்னரே அறிந்தோம். இறங்கும் விமானம் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆயினும் இறக்கைகள் தாங்கும் எல்லைக்குக் கீழே குறைத்தலாகாது. அவ்வெல்லையைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு மிகுதியான வேகத்தில் வருவது வழக்கம். எதிர்க்காற்று திடீரெனப் பின்காற்றாக மாறின், அந்தக் கையிருப்பு சில நொடிகளில் கரைந்துவிடும். புயல்முகிலினின்று குளிர்காற்று அருவிபோல் கொட்டித் தரையில் மோதி நாற்புறமும் சிதறும்போது நிகழ்வது இதுவே. 1975-இல் நியூயார்க்கில் 113 உயிர்களைக் கொண்ட விபத்தை ஆராய்ந்த புஜிட்டா என்னும் அறிஞர் இதனை விளக்கினார். பெரிய ஜெட் விமானத்தையே வீழ்த்திய காற்று, சிறு விமானத்தை என்ன செய்யாது! பக்கக் காற்றும், சக்கரங்களை வழுக்கச் செய்யும் நீர்ப்படலமும் வேறு. ஆகவே, ஐயம் எழுந்தால் மேலெழுந்துவிடு என்பதே விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம்.

2020 ஆகஸ்ட் 7-ஆம் நாள், கோழிக்கோட்டில் அப்பாடத்தின் விலையைக் கண்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம், முதல் முயற்சியைக் கைவிட்டு, மழையில் பின்காற்றோடு மறுமுறை இறங்கியது. ஓடுபாதையில் ஏறத்தாழப் பாதியைக் கடந்த பின்னரே தரை தொட்டது. மேட்டின் விளிம்பைத் தாண்டி உருண்டு பிளந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் மாண்டனர். மேலெழுமாறு துணை விமானி கூறியும் அது எழவில்லை என்று விசாரணை அறிக்கை தெரிவித்தது. வீடு திரும்பக் காத்துக் காத்து வந்தவர்கள் அவர்கள்.

அச்செய்தியைப் படித்த இரவு, எங்கள் தந்தையார் அன்று பாட்டியாரிடம் கூறியது நினைவுக்கு வந்தது. "அம்மா, அந்த மனிதர் திரும்பிப் போனதால்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நான் இருக்கிறேன்." அன்று அது ஆறுதல் மொழியாகவே எங்கள் செவியில் பட்டது.

பிறந்த மண்ணைவிட்டு வாழும் நம் குடும்பங்களில் எவரேனும் ஒருவர் எப்போதும் வானில் வந்துகொண்டிருக்கிறார். நல்லதற்கும் கெட்டதற்கும் ஓடோடி வருகிறோம். விமானம் வேறூரில் இறங்கியது என்று கேட்டால் நாங்கள் இப்போது சினப்பதில்லை. பெயரறியா அவ்விமானியை எண்ணிக் கைகூப்புகிறோம். பாட்டியார் இட்ட சாபத்துக்கும் சேர்த்து.